பொத்தானுக்கு விடைகொடுக்க என்ன அவசரம்?

‘விசைப்பலகை, மவுஸ், பொத்தான் எல்லாம் போன தலைமுறையின் மிச்சம். இனி எந்தக் கருவிக்கும் ஒரு கண்ணாடித் திரை போதும்’ என்ற பேச்சு பல ஆண்டுகளாகக் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், மற்ற போன்களில் நிரந்தரமாக உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் விசைகளைப் பெரிய குறையாகச் சொன்னார். போன் விஷயத்தில் அவர் கணிப்பு பலித்தது. ஆனால் அந்த வெற்றியைக் காட்டி மடிக்கணினியும் காரும் அதே வழிக்கு வந்தாக வேண்டும் என்கிறவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் அடுக்கும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: தொடுவது இயல்பு, யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை

இரண்டு வயதுக் குழந்தை திரையைத் தள்ளிப் படம் பார்க்கிறது, உண்மைதான். படத்தையும் வரைபடத்தையும் விரலால் நகர்த்த யாருக்கும் பயிற்சி வேண்டாம். அதற்கு அப்பால் போனால் கதை மாறுகிறது. கீழிருந்து மேலே தள்ளு, ஓரத்திலிருந்து இழு, அழுத்திப் பிடி என்று தொடுதிரையின் பாதி வேலைகள் கண்ணுக்குத் தெரியாத சைகைகளில் ஒளிந்திருக்கின்றன. யாராவது சொல்லித்தராமல் அவை விளங்குவதில்லை. பொத்தானோ ‘நான் இங்கே இருக்கிறேன், என்னை அழுத்தலாம்’ என்று தானே காட்டிக்கொள்கிறது.

இதற்குப் பெரிய விலை கொடுத்தது மைக்ரோசாஃப்ட். 2012இல் தொடுதிரையை மனத்தில் வைத்து வந்த விண்டோஸ் 8, பழகிய ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டது. கணினியை எப்படி அணைப்பது என்றே தெரியாமல் பலர் விழித்தார்கள். அடுத்த ஆண்டே 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2015இல் விண்டோஸ் 10 பழைய ஸ்டார்ட் மெனுவையும் மீட்டுக்கொண்டுவந்தது.

வாதம் 2: திரையிலேயே வேகமாகத் தட்டச்சு செய்ய முடிகிறது

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குபெற்ற ஒரு பெரிய ஆய்வில் (2019) சுமார் 37,000 பேர் கைப்பேசியில் தட்டச்சு செய்தார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 36 ஆங்கிலச் சொற்கள். இரண்டு கட்டைவிரலால் தட்டும் பதின்வயதினர் இதைவிட நல்ல வேகம் காட்டினார்கள். முந்தைய ஆண்டு 1,68,000 பேரிடம் கணினி விசைப்பலகையை வைத்து எடுத்த கணக்கில் சராசரி ஏறத்தாழ 52. இவர்களில் பெரும்பாலானோர் முறையாகத் தட்டச்சு படிக்காதவர்கள்.

ஆக, இடைவெளி குறைந்து வருகிறது, மறையவில்லை. நண்பருக்குச் செய்தி அனுப்ப 36 தாராளமாகப் போதும். நாள் முழுக்க மனு, தீர்ப்பு, செய்தி என்று அடித்துத் தள்ளுகிறவருக்கு அது போதாது. தமிழ்நாட்டின் தட்டச்சுப் பயிலகங்களில் மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது வேகத்தை அல்ல, விசையைப் பார்க்காமல் அடிப்பதைத்தான். பார்வை மூலப்பிரதியில் இருக்க வேண்டும். விரல் தன் இடத்தைத் தானே அறிய வேண்டும். கணினி விசைப்பலகையில் எஃப், ஜே எழுத்துகளின் மேல் சிறு மேடு வைத்திருப்பதும் அதற்காகவே. வழவழப்பான கண்ணாடியில் அந்த மேட்டுக்கு இடமில்லை.

வாதம் 3: விரல் இருக்கும்போது மவுஸ் எதற்கு?

சர்ச்சையின் மையம் இதுதான். கணினி ஆய்வாளர் பில் பக்ஸ்டன் 1990இல் உள்ளீட்டுக் கருவிகளை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். கருவியிலிருந்து கை விலகியிருப்பது ஒரு நிலை. எதையும் இயக்காமல், எங்கே இருக்கிறோம் என்று மட்டும் காட்டியபடி நகர்வது இரண்டாவது. அழுத்திச் செயல்படுத்துவது மூன்றாவது. மவுஸில் நடுநிலை உண்டு: அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தலாம், யோசிக்கலாம், பிறகு சொடுக்கலாம். விசைப்பலகையிலும் அதற்கு ஈடான ஒன்று உண்டு. விரல்கள் விசைமேல் ஓய்வாக இருக்கலாம், ஓர் எழுத்தும் விழாது. சாதாரணத் தொடுதிரையில் இந்த நடுநிலை இல்லை. பட்டாலே கட்டளைதான்.

பார்வையற்றவர்கள் ஐபோனைச் சிறப்பாகப் பயன்படுத்துகிறார்களே என்று கேட்கலாம். 2009இல் வந்த வாய்ஸ்ஓவர் வசதி உண்மையிலேயே மகத்தானது. அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று போன் முதலில் வாசித்துச் சொல்கிறது. இருமுறை தட்டினால்தான் இயங்குகிறது. அதாவது ‘தேடு, பிறகு அழுத்து’ என்ற பொத்தானின் ஒழுங்கை மென்பொருளால் மறுபடி கட்டியெழுப்பித்தான் தொடுதிரையை அவர்களுக்கு உகந்ததாக்க முடிந்தது.

நுணுக்கம் என்று பார்த்தாலும் விரல் பின்தங்குகிறது. நீண்ட தமிழ்ச் சொல்லின் நடுவில் ஒரு கொம்பைத் திருத்த முயன்றவர்களுக்குத் தெரியும், விரலே எழுத்தை மறைத்துக்கொள்ளும். செங்குத்தாக நிற்கும் மடிக்கணினித் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கை கடுக்கும் என்று 2010இல் சொன்னவரும் பிளாஸ்டிக் விசைகளைக் குறை சொன்ன அதே ஸ்டீவ் ஜாப்ஸ்தான்.

வாதம் 4: திரை வேண்டியபடி மாறும், பொத்தான் ஒரே வேலைதான் செய்யும்

தமிழர்களுக்கு இந்த நெகிழ்வு பெரிய வரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் கடைகளில் விற்கும் மடிக்கணினிகளின் விசைகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்து மட்டுமே இருக்கும். தமிழ்99 விசையமைப்பில் பழகியவர்கள் எழுத்திடங்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கைப்பேசித் திரையோ கேட்டவுடன் அ, ஆவைக் காட்டுகிறது.

ஆனால் மாறாமல் இருப்பதும் ஒரு பலம். 2016இல் ஆப்பிள் தன் மேக்புக் ப்ரோவில் மேல்வரிசை விசைகளை நீக்கி, செயலிக்குச் செயலி மாறும் ‘டச் பார்’ என்ற தொடுபட்டையை வைத்தது. ஒலியைக் குறைப்பதற்குக்கூடக் குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று. 2019இல் எஸ்கேப் விசை தனியாகத் திரும்பியது. 2021இல் வந்த 14, 16 அங்குல மாடல்களில் முழுவரிசையும் அசல் விசைகளாகிவிட்டது.

காரில் இது வசதிக் குறைவோடு நிற்பதில்லை. 2022இல் ஸ்வீடனின் ‘வி பிலேகரே’ இதழ், ஓட்டுநர்களை 110 கி.மீ. வேகத்தில் போகவைத்து வானொலி, வெப்பநிலை போன்ற நான்கு சின்ன வேலைகளைச் செய்யச் சொன்னது. பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வால்வோவில் 10 நொடியில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் கடந்தது. தொடுதிரை கார்களில் கடைசியாக வந்ததற்கு 44.9 நொடி, கடந்த தூரம் 1,372 மீட்டர். 2026 முதல் யூரோ என்கேப் அமைப்பின் பாதுகாப்புச் சோதனையில் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இல்லாத கார்கள் மதிப்பெண் இழக்கின்றன.

வாதம் 5: சந்தை தீர்ப்பு சொல்லிவிட்டது

சொல்லியிருக்கிறது, ஆனால் இவர்கள் நினைக்கிற தீர்ப்பு அல்ல. 2012இல் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் கணினிக்கு இரண்டு விசைப்பலகை மூடிகள் வந்தன: அசையாத தொடுபரப்பு ஒன்று, அசையும் விசைகள் கொண்டது இன்னொன்று. பிழைத்தது இரண்டாவதுதான். தொடுதிரையின் தலைமகனான ஐபேடுக்கு 2020இல் முழு மவுஸ் வசதியும் டிராக்பேட் கொண்ட விசைப்பலகையும் வந்தன. ஐபோனிலேயே 2023இல் ‘ஆக்‌ஷன்’ பொத்தானும் 2024இல் கேமராவுக்கான பொத்தானும் சேர்ந்தன. வேண்டாதவையென்றால் இவற்றைக் காசு செலவழித்து ஏன் சேர்க்கிறார்கள்?

பல பொத்தான்களுக்கு அச்சு, கம்பி, பொருத்தும் வேலை என்று செலவு உண்டு. ஒரு திரை அத்தனையையும் மிச்சப்படுத்தும். தயாரிப்பாளரின் இந்த மிச்சத்தை முன்னேற்றம் என்ற பெயரில் நம்மிடம் விற்க விடக்கூடாது.

படம், வரைபடம், வாசிப்பு என்று பார்க்கும் பொருளையே கையாளும்போது தொடுதிரைக்கு நிகரில்லை. கண் வேறெங்கோ இருக்கும்போதும், ஒரே வேலையை மணிக்கணக்கில் செய்யும்போதும் விசைக்கு நிகரில்லை. மடிக்கணினிக்குத் தொடுதிரை கூடுதலாக வரட்டும், வரவேற்போம். விசைகளைப் பிடுங்கிவிட்டு வந்தால் வாங்க மறுப்போம். மைக்ரோசாஃப்டையும் ஆப்பிளையும் பின்வாங்க வைத்ததில் பயன்படுத்தியவர்களின் முணுமுணுப்புக்கும் பங்கு உண்டு.