பந்து பொறுக்கும் பிள்ளைகள்



2023ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது மெல்பர்னில் வசிக்கும் என் தம்பியின் வீட்டில் தங்கியிருந்தேன். அவ்வேளையில் அங்கு ஆஸ்திரேலியப் பொது டென்னிஸ் போட்டி நடந்துகொண்டிருந்தது. எனக்கு டென்னிஸில் பெரிய ஈடுபாடு கிடையாது. பதினைந்து, முப்பது, நாற்பது என்று புள்ளிகளை ஏன் அப்படி எண்ணுகிறார்கள் என்பதே இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தம்பி வற்புறுத்தியதால்தான் சென்றேன்.

ராட் லேவர் அரங்கில் அமர்ந்து பார்ப்பதற்கான சீட்டின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே, வெளி ஆடுகளங்களைச் சுற்றிப் பார்க்கும் மைதானச் சீட்டை வாங்கிக்கொண்டோம். அதுவே நல்லதாய்ப் போயிற்று. வெளி ஆடுகளத்தில் முன்வரிசையில் அமர்ந்தால் ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழுகிறது. அங்கு ஆடிய இரட்டையர்களின் பெயர்களை நான் முன்பு கேள்விப்பட்டதில்லை. கூட்டமும் அதிகமில்லை.

என் கண்கள் ஆட்டக்காரர்களைவிட்டு விரைவிலேயே விலகின. களத்தில் ஆறு சிறுவர் சிறுமியர் நின்றிருந்தனர். பார்ப்பதற்கு நம் இடைநிலைப்பள்ளி முதலாம், இரண்டாம் படிவ மாணவர்களைப் போலத் தோன்றினர். வலையருகே இருவர், இரு முனைகளிலும் இருவர் இருவராக நால்வர். ஒரு புள்ளி முடிந்தவுடன் பாய்ந்தோடிப் பந்தை எடுப்பதும், தரையோடு உருட்டி அனுப்புவதும், கையை உயர்த்திப் பந்தைக் காட்டி நிற்பதும் ஒரே ஒழுங்கில் நடந்தன. அடுத்த குழு வந்ததும் வரிசையாக வெளியேறினர். அவர்களுக்காக ஒருவரும் கைதட்டவில்லை. ஆயினும், அவர்கள் முகத்தில் சோர்வோ சலிப்போ இல்லை. தங்கள் பணி இல்லையேல் ஆட்டம் நகராது என்பதை அறிந்தவர்களாகவே நின்றனர்.

அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், ஆண்டி மர்ரேயும் தனாசி கொக்கினாக்கிசும் மோதிய ஆட்டம் 5 மணி 45 நிமிடம் நீடித்து, ஜனவரி 20ஆம் தேதி விடியற்காலை 4.05க்கு முடிந்தது. ஆட்டத்தில் வென்ற மர்ரே, பந்து எடுக்கும் பிள்ளைகள் அந்நேரத்தில் வீடு திரும்புவது பெற்றோர் ஏற்கக்கூடியதன்று என்ற கருத்தைப் பின்னர் வெளியிட்டார். அத்தனை களைப்பிலும் அவர் அப்பிள்ளைகளைக் கவனித்திருக்கிறார். நாம் நம் பிள்ளைகளை அவ்வாறு கவனிக்கிறோமா?

இக்கேள்வியைப் பிறரிடம் கேட்கும் முன், என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

2014இல் என் வகுப்பில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். ஓட்டத்தில் வெல்பவன் அல்லன். எந்தக் குழுவிலும் இடம்பெற்றவனும் அல்லன். ஆனால் மாலைதோறும் திடலுக்கு வருவான். சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவான், வலையைக் கட்டுவான், பயிற்சி முடிந்ததும் பந்துகளை எண்ணிப் பைக்குள் வைப்பான். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்கியபோது அவன் தந்தையை அழைத்து, “விளையாட்டாளனாகவும் இல்லை, எதற்கு இந்த வீண் வேலை? பிரத்தியேக வகுப்பில் சேர்த்துவிடுங்கள்” என்றேன். “நீங்கள் சொன்னால் சரிதான் ஐயா” என்றார் அவர். மாணவன் நல்ல புள்ளிகள் பெற்றான். ஆனால் அதன்பின் அவன் திடல் பக்கம் வரவே இல்லை. அவனுக்கு நான் நன்றியென ஒரு சொல்லும் கூறியதில்லை.

பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. கல்வி ஒன்றே நம் சமுதாயத்தை உயர்த்தும் ஏணி என்று நாமே மேடைதோறும் முழங்குகிறோம். யூ.பி.எஸ்.ஆர். 2021இல் அகற்றப்பட்ட பின்னரும் அவ்வச்சம் அகலவில்லை. “என் பிள்ளை நாட்டையா பிரதிநிதிக்கப் போகிறான்?” என்று கேட்டுப் புறப்பாட நடவடிக்கையிலிருந்து பிள்ளையை விலக்கும் பெற்றோர் இன்றும் உளர். நாட்டைப் பிரதிநிதிக்காத பிள்ளைக்குத் திடலில் வேலையே இல்லை என்பது தவறான எண்ணம். சொன்ன நேரத்திற்கு வருதல், பிறர் வெற்றிக்காக உழைத்தல், கைதட்டல் கிடைக்காவிடினும் பணியைச் செவ்வனே முடித்தல் ஆகியவற்றை எந்தப் பயிற்சிநூலும் கற்பிக்காது.

நம் தமிழ்ப்பள்ளிகளுள் பல, நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. அத்தகைய பள்ளியில் வேண்டாத பிள்ளை என்று ஒருவர்கூட இருக்க முடியாது. ஆகவே, ஆசிரிய நண்பர்களே, அடுத்த விளையாட்டுப் போட்டியில் பதக்கம் வென்றவர்களுக்குப் பின், கோடு போட்டவர்களையும் தண்ணீர் சுமந்தவர்களையும் பெயர் சொல்லி மேடைக்கு அழையுங்கள். பெற்றோர்களே, அப்பெயர்கள் ஒலிக்கும்போது சற்றுப் பலமாகவே கைதட்டுங்கள்.

என் மாணவனுக்கு நான் செய்யத் தவறியது அதுதான்.