டிவி சாமி படம் அல்ல

சாமி படத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவது நம் வழக்கம். ஆனால் டிவியையும் அதே உயரத்தில் மாட்டி, வீட்டுப் பெரியவர்களைத் தினமும் மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்க்க வைப்பது எந்த ஊர் நியாயம்?

புதுச்சேரியில் நான் போய்வரும் வீடுகள் பலவற்றில் 24 இஞ்ச் டிவி கதவு நிலைக்கு மேலே தொங்குகிறது. கேட்டால், "மாட்ட வந்த பையன் எல்லா வீட்லயும் இப்படித்தான் சார்னு சொன்னான்" என்கிறார்கள். அவன் நின்றுகொண்டு மாட்டுகிறான். நாம் உட்கார்ந்து பார்க்கிறோம். இரண்டு பேருக்கும் கண்மட்டம் ஒன்றா? உயரத்தில் இருந்தால்தான் அழகு என்பார்கள் பிள்ளைகள். அழகு விருந்தாளிக்கு, கழுத்துவலி நமக்கு! குழந்தை கை வைக்கும் என்றால், சற்று மேலே மாட்டி, முன்பக்கம் குனியும் ஸ்டாண்டாகப் போடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் தட்டை ஸ்டாண்ட் பெரும்பாலும் குனியாது, திரும்பாது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இஞ்ச் இன்றுவரை மனதில் ஒட்டவில்லை. 24 இஞ்ச் என்பது மூலைக்கு மூலை 61 சென்டிமீட்டர். வேடிக்கை என்னவென்றால், திரையை இஞ்சில் விற்பவர்கள் அதன் முதுகில் உள்ள நான்கு துளைகளை மில்லிமீட்டரில்தான் சொல்கிறார்கள். சின்ன டிவிகளில் பெரும்பாலும் 75க்கு 75 அல்லது 100க்கு 100. சில 32 இஞ்ச் டிவிகளில் 200 வரை போகும். இந்த அளவுக்கு 'வெசா' என்று பெயர். டிவியின் எடையையும் இந்த அளவையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

அடுத்தது சுவர். நம் ஊர்ப் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும். பூச்சு தடிமனாக இருக்கும், தட்டினால் உதிரும். சிறிய ஸ்குரூ பூச்சோடு நின்றுவிட்டால் அது பிடிப்பே இல்லை. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும் நீளமான பிளக்கும் ஸ்குரூவும் வேண்டும். கற்களுக்கு இடைப்பட்ட சுண்ணாம்புச் சந்தில் துளை விழுந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள். முன்னால் இழுக்கும் கை வைத்த ஸ்டாண்டில் இன்னும் கவனம் தேவை. கையை நீட்ட நீட்ட, டிவியின் எடை கூடாவிட்டாலும் மேல் ஸ்குரூவைப் பிடுங்கும் இழுப்பு கூடும்.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் போட்ட உத்தரவு என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியும். இந்த வழக்கில் சம்பந்தப்பட்டவர் நாம்தான். ஆகவே டிரில்லிங் மெஷின் வருவதற்கு முன், வழக்கமாக உட்காரும் நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். தரையிலிருந்து உங்கள் கண் எத்தனை சென்டிமீட்டர் என்று வீட்டம்மாவை அளக்கச் சொல்லுங்கள். என் நாற்காலிக்கு 100 வந்தது. திரையின் நடு அந்த மட்டத்தை ஒட்டி வரும்படி சுவரில் பென்சிலால் குறியுங்கள். பையன் வந்தால் அந்தக் குறியைக் காட்டுங்கள். "இல்ல சார், எல்லா வீட்லயும்..." என்று ஆரம்பித்தால், முதலில் அந்த நாற்காலியில் அவனை உட்காரச் சொல்லுங்கள்.