எபோனைட்டா, எவர்சில்வரா?

போன மாதம் மகன் ஒரு மைப் பேனா வாங்கி வந்தான். முழுக்க உலோகம். பார்க்க அழகுதான், பெட்டியே வெற்றிலைப் பெட்டி மாதிரி இருந்தது. ஒரு பக்கம் எழுதினேன், கட்டை விரல் வலித்தது. இரண்டாம் பக்கத்தில் வியர்வையில் வழுக்க ஆரம்பித்தது. பெட்டியில் வைத்துவிட்டேன். "பழைய கறுப்புப் பேனாவில் அப்படி என்னப்பா இருக்கு?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1979 மே மாதம். பட்டு கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். நெசவாளி கொண்டுவரும் புடவையை மேசையில் விரித்து, எடை போட்டு, பதிவேட்டில் வரவு வைப்பது என் வேலை. அன்று என் கையில் இருந்தது மெல்லிய பிளாஸ்டிக் பேனா. மை தீரும் நிலை. சந்தன நிறப் புடவை ஒன்றின் முந்தியில் நீலக்கறுப்பு மை ஒரு சொட்டு விழுந்தது. அந்தக் குடும்பத்தின் பதினைந்து நாள் உழைப்பு அது. நெசவாளி என்னைத் திட்டவில்லை. துண்டின் நுனியை நனைத்து ஒற்றி ஒற்றிப் பார்த்தார், கறை பரவியதுதான் மிச்சம். மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அது நியாயம்தான்.

ஏன் சொட்டியது என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. மை குறையக் குறைய உள்ளே காற்று நிரம்புகிறது. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை நிப்பு வழியாக வெளியே தள்ளுகிறது. பேனாச் சுவர் மெல்லியதாக இருந்தால் சூடு சீக்கிரம் உள்ளே போகும். உலோகம் என்றால் கேட்கவே வேண்டாம். (செப்புக் குழாய் உள்ளே வைத்த பேனா வேறு கதை.)

எபோனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து, சூடாக்கி, மரம்போல் இறுக வைத்தது. அதைக் கடைசல் பட்டறையில் கடைந்து பேனா செய்வார்கள். சுவர் தடிமன், சூடும் எளிதில் கடத்தாது. அதனால் சொட்டவே சொட்டாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். கால் பங்குக்கு மேல் மை இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். வியர்த்த கையிலும் பிடி நழுவாது. நம் ஊர் வெயிலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குறை இல்லாமல் இல்லை. வெயிலும் தண்ணீரும் பட்டால் கறுப்பு வெளுத்துப் பழுப்பாகும். தேய்த்தால் கந்தக வாடை வரும். அக்ரிலிக் பேனா நிறம் மாறாது, பளபளக்கும். ஆனால் தரையில் விழுந்தால் விரிசல் விடும், பிடியும் வழுக்கும். எந்தப் பேனா வாங்கினாலும் நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கு மட்டும் எபோனைட்டா என்று கேளுங்கள். மை அதில் நன்றாக ஒட்டி ஓடும்.

ராஜமுந்திரி ரத்னம் பேனாவும் எபோனைட்தான். சுதேசிப் பேனா வேண்டும் என்ற காந்திக்காகச் செய்தது. 1935இல் வார்தாவிலிருந்து நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் பக்கத்துத் திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் கையால் கடைகிறார்கள், வெளிநாட்டிலிருந்தெல்லாம் கேட்டு வாங்குகிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

உலோகத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. எங்கள் கூரத்துச் செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு எழுத்தை இன்றும் காட்டுகிறது. எழுதி வைக்கச் செம்பு நல்லது. விரலில் பிடித்து எழுத எனக்கு எபோனைட் போதும்.

அடுத்த அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவரைச் சேவிக்கப் போகிறோம். வரும்போது மகனுக்கு ஒரு கறுப்புப் பேனா வாங்கி வர வேண்டும்.