பலகையோடு முடியும் தோல்வி



மத்ரஸா ஆசிரியனுக்கு வெள்ளிக்கிழமையே விடுமுறை. ஜும்ஆ முடிந்து, உண்டு இளைப்பாறியபின், அஸர் பாங்கு ஒலிக்கும்வரை முசரவாக்கத்து வீட்டுத் திண்ணையே எனது ஆட்டக்களம். நன்னிமா விட்டுச்சென்ற 14 குழிப் பல்லாங்குழிக் கட்டை, கேரம் பலகை, சதுரங்கக் காய்கள் யாவும் என்னிடம் உண்டு. எனினும் நெஞ்சுக்கு நெருக்கமானது ஆடுபுலி ஆட்டமே. அதற்குச் சுண்ணக்கட்டி ஒன்றும், புளியங்கொட்டையும் கூழாங்கற்களும் போதும்.

ஆட்டத்தை அறியாத இளையோருக்காகச் சொல்கிறேன். கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கோ வெட்டும் ஆற்றல் கிடையாது. ஒன்றுக்கொன்று துணையாய் நின்று, புலியை அசையவிடாமல் அடைப்பதே அதன் வெற்றி.

சென்ற மாதத்தில் ஒரு வெள்ளியன்று நான் புலிகளை எடுத்துக்கொண்டேன். 11 வயதான என் மகளும் அண்டை வீட்டுச் சிறுவனும் சேர்ந்து ஆடுகளை நடத்தினர். நான்கு ஆடுகளை வெட்டிவிட்டேன். பிள்ளைகள் கலங்கவில்லை, தலைகளை ஒன்றாகக் கவிழ்த்து அடுத்த காயைப் பற்றி ஆலோசித்தனர்.

அவ்வேளையில் சிறுவனின் தந்தை வாசலில் வந்து நின்றார். காஞ்சிப் பட்டுச் சேலை நெய்பவர். “பாய், ஆட்டமென்றாலே என் வயிறு எரிகிறது. தயவுசெய்து பையனை அனுப்பிவிடுங்கள்” என்றார்.

அவர் மீது குறை சொல்ல இயலாது. சில ஆண்டுகளுக்கு முன் கைபேசிச் சீட்டாட்டத்தில் அவர் சிக்கினார். முதலில் நூறு ரூபாய். விட்டதைப் பிடிக்க ஐந்நூறு. கடைசியில் அடுத்த சேலைக்கு வாங்கிய முன்பணமும் போயிற்று. பல நாட்கள் நெய்து ஈட்ட வேண்டிய கூலி, தறியில் பாவு ஏறும் முன்பே கரைந்துவிட்டது. மனைவியின் வளையல்கள் அடகுக்குச் சென்றன.

சிறுவன் எழுந்து போய்விட்டான். அஸர் தொழுகை முடிந்தும் என் மனம் அமைதியடையவில்லை. ஒரு காலத்தில் நானும் அவரைப் போன்றே எண்ணியவன். மாணவர் கையிலிருந்த கேரம் காய்களைப் பறித்து அலமாரியில் பூட்டியவன். அவர்கள் அதனால் கூடுதலாக ஓதினார்களா? இல்லை, எனக்குத் தெரியாத இடத்தைத் தேடிக்கொண்டார்கள், அவ்வளவே.

மார்க்கம் இவ்விஷயத்தில் தெளிவாகவே பிரித்துக் காட்டுகிறது. சூதாட்டத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் விலக்குகிறது. பகடை உருட்டும் ‘நர்து’ ஆட்டத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆகவே தாயக்கட்டை எங்கள் வீட்டில் இல்லை. சதுரங்கத்தில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு; பணயம் வைப்பதும், தொழுகையைத் தவறவிடுவதும் கூடாதென்பதில் வேற்றுமை இல்லை. அதே நாயகம் அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஒருமுறை அன்னையார் வென்றார்கள், பின்னொருமுறை நாயகம் அவர்கள் வென்றார்கள்.

மறுநாள் நெசவாளரிடம் சென்று இவ்வாறு கூறினேன்: “நான் வெட்டிய நான்கு ஆடுகளும் பலகையோரமே கிடந்தன. அடுத்த ஆட்டத்தில் அவை மீண்டும் களத்துக்கு வரும். உங்கள் முன்பணம் அவ்வாறு வருமா? திண்ணையில் எதிரே அமர்பவன் முகம் தெரிந்தவன். பாங்கு ஒலித்தால் ஆட்டம் நின்றுவிடும். கைபேசியில் முகமும் இல்லை, முடிவும் இல்லை. உங்களைக் கெடுத்தது ஆட்டமன்று, பணயமே. தோற்றுவிட்டுச் சிரித்தபடி எழப் பையன் இங்கு பழகாவிட்டால், தோல்வியைப் பொறுக்கமாட்டாமல் பணத்தைத் துரத்தும் நோய் நாளை அவனையும் பற்றலாம்.”

அவர் பதிலேதும் கூறாமல் நாடாவை வீசிக்கொண்டிருந்தார்.

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் நல்லதே. ஆனால் பிள்ளையின் கையிலிருந்து கைபேசியை வாங்கினால், வெறுங்கையில் எதைக் கொடுப்பது? சென்னையில் ஆட்டோ ஓட்டும் ஒரு தந்தை மகளுக்குக் கேரம் பலகையைக் கொடுத்தார். அம்மகள் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்லப்போவதில்லை, வெல்லவும் வேண்டியதில்லை. தந்தை தம்மோடு அமர்ந்த அந்த ஒரு மணி நேரமே அவர்களுக்குப் போதும்.

ஆகவே வாசகர்களே, விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் பிள்ளைகளுடன் தரையில் அமருங்கள். பணயம் வேண்டாம், பாங்கு கேட்டதும் காயை அப்படியே விட்டு எழுங்கள். ஒருமுறையேனும் பிள்ளையிடம் உண்மையாகவே தோற்றுப் பாருங்கள்.

இரண்டு வெள்ளிகள் கழிந்து சிறுவன் திண்ணைக்கு வந்தான். பின்னால் அவன் தந்தை. “ஆடப்போவதில்லை, பாய், பார்க்கத்தான் வந்தேன்” என்றார். சற்று நேரத்தில், “அந்த மூலை ஆட்டை நகர்த்தாதே, கண்ணு, புலி வாயில் விழும்” என்று மகனுக்குச் சொன்னார்.

அன்று நான் தோற்றேன். வஸ்ஸலாம்.