கொரோனா வந்தாலும் இதய மாத்திரை தொடர வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பிரஷருக்கும் இதய நோய்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கொரோனா தொற்று வந்துவிட்டது என்பதற்காக அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையோ ஸ்டீராய்டையோ மருத்துவர் பார்க்காமல் தொடங்கவும் கூடாது. மாத்திரையை நிறுத்துவதன் பின்னால் 2020-இல் எழுந்த ஓர் அச்சம் இருக்கிறது. வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய ஏசிஇ-2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. எனலாப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரைகள் அந்தப் புரதத்தைப் பெருக்கி நோயை முற்றச் செய்யுமோ என்று மருத்துவர்களே ஐயப்பட்டார்கள். நியாயமான ஐயம்தான். பிரேசிலில் இத்தகைய மாத்திரை சாப்பிட்டுவந்த 659 கொரோனா நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நிறுத்தியும் மறு பிரிவுக்குத் தொடர்ந்தும் பார்த்தார்கள். முப்பது நாள் கழித்து, உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாள்களில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நிறுத்தியதால் பயன் இல்லை. ஆனால் பலவீனமான இதயம் உள்ளவருக்கு மாத்திரை நின்றால் மூச்சுத்திணறல் திரும்பலாம். கடும் வயிற்றுப்போக்கிலோ ரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்தாலோ சில நாள் நிறுத்த வேண்டி வரலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொரோனாவில் ரத்தம் உறைந்துதானே பலர் இறந்தார்கள், முன்கூட்டியே மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். உறைவது உண்மை. மருத்துவமனையில் சேர்ந்து, இன்னும் தீவிர சிகிச்சை தேவைப்படாதவர்களுக்கு, உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினை முழு அளவில் கொடுத்தது பலன் தந்தது என்று 2021-இல் வந்த கூட்டு ஆய்வு காட்டியது. அதே அளவு தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்குப் பலன் தரவில்லை. வீட்டிலேயே இருந்த லேசான நோயாளிகளிடம் ஆஸ்பிரினையும் அபிக்சபானையும் சோதித்த அமெரிக்க ஆய்வு, உறைவு நேர்ந்தவர்களே மிகக் குறைவாக இருந்ததால் பாதியில் நின்றது. ஆக, ஒரே மருந்து நோயின் ஒரு கட்டத்தில் காக்கிறது, இன்னொன்றில் ரத்தக்கசிவு அபாயத்தை மட்டும் கூட்டுகிறது. ஸ்டீராய்டான டெக்சாமெதசோனும் அப்படியே: ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களிடம் மரணத்தைக் குறைத்தது, தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை, சர்க்கரையையோ ஏற்றிவிடும். ஹைட்ராக்சிகுளோரோகுயினுடன் அசித்ரோமைசினை அவசரப்பட்டுச் சேர்த்துக் கொடுத்தது, இதயத் துடிப்பின் ஒழுங்கையே கெடுக்கக்கூடிய சேர்க்கை. அந்த அவசரத்தை மறக்கக் கூடாது.

வெளிநாட்டு ஆய்வு பாகூர் விவசாயிக்குப் பொருந்துமா என்பது இன்னொரு கேள்வி. வயலில் உழைக்கும் உடல் வேறு, உணவு வேறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேறுபாடு, சோதிக்காத மருந்தைக் கொடுப்பதற்கு அல்ல, கூடுதலாகக் கவனிப்பதற்கே காரணமாகும். எனவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஈசிஜியும் ஆக்சிஜன் அளவுமானியும் எந்நேரமும் வேலை செய்ய வேண்டும்; தனிமைப்படுத்தப்பட்டவருக்கு ஒரு மாத மாத்திரை வீடு தேடி வர வேண்டும்; நெஞ்சுவலி என்று வருபவரைத் தொற்றுப் பரிசோதனை முடிவுக்காகக் காக்க வைக்காமல், முதல் ஈசிஜி எடுத்தவுடன் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ அனுப்ப வேண்டும் என்று புதுச்சேரி சுகாதாரத் துறையைக் கேட்கிறோம்.