விற்கப்படுவது பெயரா, உழைப்பா?

நட்டத்தில் தள்ளாடும் ஒரு கார் நிறுவனம், தன்னிடமுள்ள சொகுசுக் கார் பிரிவுகளை விற்றுவிடலாமா? வணிகப் பத்திரிகைகள் சலிப்பின்றி எழுப்பும் கேள்வி இது. 2006இல் ஃபோர்டு நிறுவனத்தை நோக்கி எழுப்பப்பட்டது. 2019இல், ஜாகுவார் லேண்ட் ரோவரின் மதிப்பைக் கணக்கில் குறைத்ததால் டாடா மோட்டார்ஸ் 28,000 கோடி ரூபாய்க்கும் மேல் நட்டம் காட்டியபோது மீண்டும் எழுந்தது. 2025 செப்டம்பரில் இணையவழித் தாக்குதலால் அந்நிறுவனத்தின் பிரிட்டன் ஆலைகள் வாரக்கணக்கில் முடங்கின. அப்போது பிரிட்டன் அரசு 150 கோடி பவுண்டு கடனுக்கு உத்தரவாதம் அளிக்க முன்வந்தது. இலாபம் தனியாருக்கு, இடர் பொதுமக்களுக்கு என்னும் பழைய விதி மீண்டும் ஒருமுறை மெய்ப்பட்டது.

இக்கேள்விக்கு வணிக ஏடுகள் தரும் விடை எதுவாயினும், அது பங்குதாரரின் நிலையிலிருந்தே தரப்படுகிறது. மொழிபெயர்ப்புப் பணியில் இத்தகைய அறிக்கைகளை அடிக்கடி கையாள்கிறேன். அவற்றில் வணிகப் பெயர் ‘சொத்து’. தொழிலாளியின் ஓய்வூதியம் ‘பொறுப்பு’, அதாவது சுமை. ஆலையை மூடுவதற்குப் பெயர் ‘மறுசீரமைப்பு’. இச்சொற்களை அப்படியே தமிழாக்கினால், வாசகரையும் முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்குள் அமர்த்திவிடுகிறோம். எனவே கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டியுள்ளது: விற்பனையின்போது உழைப்பவர் எந்நிலையில் விடப்படுகிறார்?

ஃபோர்டு காட்டிய வழி

ஃபோர்டு 1989இல் ஜாகுவாரை 250 கோடி டாலருக்கும், 2000இல் லேண்ட் ரோவரை 270 கோடி டாலருக்கும் வாங்கியது. 2006இல் அதன் நட்டம் 1,200 கோடி டாலரைத் தாண்டியது. ஆலைகளையும், நீலநிற முட்டைவடிவச் சின்னத்தையும்கூட அடகு வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் பெற்றது. பின்னர் 2007இல் ஆஸ்டன் மார்ட்டினையும், 2008இல் ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும், 2010இல் வோல்வோவையும் விற்றது. 520 கோடி டாலர் கொடுத்து வாங்கிய இரு நிறுவனங்களையும் டாடாவுக்கு 230 கோடி டாலருக்குக் கொடுத்தது.

2009இல் ஜெனரல் மோட்டார்சும் கிரைஸ்லரும் திவாலாயின, ஃபோர்டு தப்பியது. இதைச் சொகுசுப் பிரிவுகளை விற்றதன் வெற்றி எனப் போற்றுவோர் உண்டு. அது பாதி உண்மையே. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆலைகள் மூடப்பட்டன. பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டனர். 2007ஆம் ஆண்டு ஊதிய ஒப்பந்தத்தின்படி, புதிதாகச் சேரும் தொழிலாளிக்குப் பழைய தொழிலாளியின் ஊதியத்தில் ஏறத்தாழப் பாதிதான். ஒரே வேலை, ஒரே கூரை, இரண்டு கூலி! ஃபோர்டைக் காத்ததில் விற்பனைத் தொகைக்கு எவ்வளவு பங்குண்டோ, அதற்குக் குறையாத பங்கு இந்த ஊதிய வெட்டுக்கும் உண்டு.

லாங்பிரிட்ஜின் பாடம்

இன்னொரு விற்பனையையும் நினைவுகூர வேண்டும். பிரிட்டனின் ரோவர் குழுமத்தை வைத்திருந்த ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ, 2000இல் அதைக் கூறுபோட்டது. மினியைத் தானே வைத்துக்கொண்டது. லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கு விற்றது. எஞ்சிய ரோவர் பிரிவையும் பர்மிங்காம் அருகிலுள்ள லாங்பிரிட்ஜ் ஆலையையும் ஃபீனிக்ஸ் என்ற குழுவிடம் வெறும் 10 பவுண்டுக்கு ஒப்படைத்தது. 2005 ஏப்ரலில் அந்நிறுவனம் வீழ்ந்தது. சுமார் 6,000 பேர் வேலையிழந்தனர். அந்த ஐந்தாண்டுகளில் உயர்நிர்வாகிகள் ஐவர் ஊதியமாகவும் ஓய்வூதியமாகவும் 4.2 கோடி பவுண்டு பெற்றதை அரசு விசாரணை அறிக்கை பின்னர் வெளிப்படுத்தியது. எம்.ஜி. என்ற பெயர் மட்டும் சீன நிறுவனத்துக்குப் போய், இன்று ஹைதராபாத் வீதிகளிலும் ஓடுகிறது. பெயர் கடல் கடந்து பிழைத்தது; அதைச் செய்த தொழிலாளர்களோ தெருவில் நின்றனர்.

இந்தக் காயம் ஆறாத நிலையில்தான் ஜாகுவார் லேண்ட் ரோவர் விற்பனைக்கு வந்தது. போட்டியில் டாடா, மகிந்திரா, ஒன் ஈக்விட்டி என்னும் தனியார் முதலீட்டு நிதியம் ஆகியவை இருந்தன. அங்குள்ள யுனைட் தொழிற்சங்கம் முதலில் விற்பனையையே விரும்பவில்லை. தவிர்க்க இயலாது என்றானபின், வாங்குபவர் யார், எந்த நிபந்தனையில் என்பதில் கவனம் செலுத்தியது. ஆலைகள், வேலைகள், ஓய்வூதியம் குறித்து உறுதிமொழிகளைக் கோரியது, டாடாவை ஆதரித்தது. ஓய்வூதிய நிதிக்கு ஃபோர்டு சுமார் 60 கோடி டாலர் செலுத்தவும் நேர்ந்தது.

டாடா நல்ல முதலாளி என்பதல்ல இதன் பொருள். 2019இல் அதே நிறுவனம் உலகளவில் 4,500 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. 2023-24இல் டாடா மோட்டார்சின் ஒருங்கிணைந்த இலாபம் 31,000 கோடி ரூபாயைத் தாண்டியபோது, வெளியேற்றப்பட்டவர்களை யாரும் திரும்ப அழைக்கவில்லை. ஆயினும் சங்கம் விழிப்புடன் இருந்த இடத்துக்கும் ஏமாற்றப்பட்ட இடத்துக்கும் உள்ள வேறுபாடு கண்கூடு.

நம் மண்ணில்

ஹைதராபாத் மியாப்பூர் அருகே ஆல்வின் கூட்டுச்சாலை உள்ளது. பேருந்துக்காக அங்கு நிற்கும் இளைஞர் பலருக்கு அது ஒரு தொழில் நிறுவனத்தின் பெயர் என்பது தெரியாது. நிஜாம் அரசின் தொழில் நிதியமும் அலாவுதீன் நிறுவனமும் இணைந்து 1942இல் தொடங்கிய ஆல்வின், பின்னர் ஆந்திர அரசின் பொறுப்பில் பேருந்து, குளிர்சாதனப் பெட்டி, கைக்கடிகாரம் எனப் பலவும் செய்தது. நட்டத்தைக் காரணம் காட்டிப் பகுதி பகுதியாக அது பிரிக்கப்பட்டது. ஜகீராபாத்தில் நிசானுடன் சேர்ந்து நடத்திய இலகுரக வாகனப் பிரிவு 1989இல் மகிந்திராவுக்குப் போனது; குளிர்சாதனப் பெட்டிப் பிரிவு தொண்ணூறுகளில் வோல்டாசுக்குப் போனது. ஜகீராபாத்தில் இன்றும் உற்பத்தி நடக்கிறது. ஆல்வினோ வெறும் நிறுத்தத்தின் பெயராக எஞ்சியுள்ளது.

தமிழகத் தோழர்களுக்கு மறைமலைநகரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. குஜராத்தின் சனந்த் ஆலையை டாடா 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு வேலை வழங்க முன்வந்தது. மறைமலைநகர் ஆலைக்கு அப்படியொரு வாய்ப்பு அமையவில்லை. 2022இல் வேலைக்காகவும், பின்னர் கண்ணியமான இழப்பீட்டுக்காகவும் போராடிவிட்டு அத்தொழிலாளர்கள் வெளியேறினர். ஒரே முதலாளி, ஒரே முடிவு; ஆனால் தொழிலாளர் வாழ்வு, வாங்க ஆள் வந்ததா இல்லையா என்ற தற்செயலைப் பொறுத்து அமைந்தது. இந்தத் தற்செயலை உரிமையாக மாற்றுவதே நம் கடமை.

என்ன கோர வேண்டும்?

எல்லா விற்பனையையும் எதிர்ப்பதே இடதுசாரி நிலைப்பாடு எனச் சில தோழர்கள் கருதக்கூடும். பொதுத்துறையை விற்பதை எதிர்ப்பதில் நமக்கு இருமனம் இல்லை. அது மக்களின் உடைமை. ஒரு தனியார் முதலாளியிடமிருந்து இன்னொரு தனியார் முதலாளிக்கு ஆலை கைமாறும்போது, பழைய முதலாளியைக் காப்பது நம் வேலையன்று. அங்கு நாம் போராட வேண்டியது நிபந்தனைகளுக்காக.

நம் சட்டம் இதில் மிகவும் பின்தங்கியுள்ளது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி, நிறுவனம் கைமாறினால் பணித்தொடர்ச்சி தரப்பட வேண்டியிருந்தது. இல்லையேல் இழப்பீடு தரப்பட வேண்டியிருந்தது. தொழிலாளியின் ஒப்புதல் தேவை என்று அது கூறவில்லை. பங்குகள் மட்டும் கைமாறினால் சட்டப்படி முதலாளி மாறுவதில்லை என்பதால் அந்தப் பாதுகாப்பும் கிட்டாது. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ, ஆலையை மூட முன் அனுமதி பெற வேண்டிய வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்திவிட்டது.

எனவே, விற்பனைப் பேச்சு தொடங்கும்போதே சங்கத்துக்குத் தகவலும் பேச்சுவார்த்தை உரிமையும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர், உதிரிபாக ஆலைத் தொழிலாளர் உள்பட அனைவரின் வேலைக்கும் எழுத்துவழி உத்தரவாதம் வேண்டும். மாநில அரசு சலுகையாக அளித்த நிலம், வரிவிலக்கு, மின்சாரம் ஆகியவற்றுக்கு, வெளியேறும் நிறுவனம் கணக்குத் தர வேண்டும். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டிலான டாடா ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அங்கு உருவாகும் என அப்போது அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயர்களை நாளை யார் வாங்குவார், யார் விற்பார் என்பது நம் கையில் இல்லை. ஆனால் அங்கு பணிக்குச் சேரும் முதல் தலைமுறைத் தொழிலாளி, கைமாற்றம் நேர்ந்தால் தன் உரிமை என்ன என்பதை அறிந்தவராக, சங்கத்தின் உறுப்பினராக இருக்கச் செய்வது நம் கையில்தான் இருக்கிறது. அந்தப் பணியைப் பிறகு தொடங்குவோம் என்று காத்திருக்கலாகாது.