மைக்செட்காரரை ஏசாதீர்!

ஒலிபெருக்கியின்றித் தமிழர் விழா ஏது? பேச்சாளர் யாரென்று முடிவாகும் முன்பே மைக்செட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறோம்! ஆயினும் அந்த மைக்செட்டின் உயிர்நிலையான ஆம்ப்ளிபயர் எங்கே கிடக்கிறது என்று பார்த்ததுண்டா? மேடைக்கடியில், தார்ப்பாய்க்குள், காற்று நுழையாத மூலையில்! அதற்காகவும், அதை இயக்குபவருக்காகவும் வழக்காட வந்திருக்கிறேன்.

விக்ரோலியில் நாங்கள் குடியிருக்கும் குன்றுச் சரிவில் சென்ற ஆண்டு ஒரு விழா நடந்தது. ஆம்ப்ளிபயர் இருமுறை தானாக நின்றது; சில நிமிடங்களில் தானாகவே உயிர் பெற்றது. ‘ஓட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மானத்தை வாங்கிவிட்டாயே’ என்று எல்லார் முன்னிலையிலும் மைக்செட்காரரை ஏசினர். பேசிய வாடகையிலும் பிடித்துக்கொண்டனர். எது ஓட்டை? பெட்டி தன் கடமையைச் செய்தது. அதற்கு அவர் தண்டம் கட்டினார் என்கிறேன் நான்.

ஆம்ப்ளிபயர் வாங்கும் மின்சாரம் முழுவதும் ஒலிபெருக்கிக்குப் போவதில்லை. ‘பி’ வகைச் சுற்று குறையே இன்றி முழு வலிமையில் இயங்கினாலும் 100க்கு 78.5 பங்குதான் வெளியே வரும், மிச்சம் சூடு. ‘பாதிக்கும் கீழேதானே வைத்திருக்கிறேன்’ என்பதும் ஆறுதலாகாது. முழு வலிமையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில்தான் டிரான்சிஸ்டர்களின் சூடு உச்சத்தை எட்டுகிறது!

இன்னோர் ஆபத்தும் உண்டு. சிலிக்கன் டிரான்சிஸ்டர் கடத்துவதற்குத் தேவையான மின்னழுத்தம், சூடு ஒரு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. ஆகவே சூடு ஏற ஏற மின்னோட்டம் பெருகும். மின்னோட்டம் பெருகப் பெருக மேலும் சூடேறும். காட்டுத்தீ தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்வது போல! இதைத் தடுக்கத்தான், சூட்டை வாங்கும் அலுமினியத் தகட்டில் பெரிய டிரான்சிஸ்டர்களோடு சிறியதொன்றையும் பொருத்துகிறார்கள். அண்ணன்மாரின் சூட்டை உணர்ந்து அது மின்னோட்டத்துக்குக் கடிவாளம் போடும். அதையும் மீறினால் சூட்டுச் சுவிட்சு குறுக்கிடும். எல்.எம். 3886 என்னும் ஆம்ப்ளிபயர் சில்லு 165 டிகிரி செல்சியசில் தானே ஓய்ந்து, ஏறத்தாழ 155க்கு இறங்கியதும் மீண்டும் பாடத் தொடங்கும். எங்கள் தெருவில் நடந்ததும் இதே கதைதான்.

முகப்பிலுள்ள சிவப்பு விளக்கோ அதற்கு முன்பே எச்சரிக்கிறது. ஒலியலையின் முகடு வெட்டுப்படுகிறது, இனித் திருகினால் கரகரப்புதான் என்கிறது. நாமோ மேடையிலிருந்து ‘இன்னும் கூட்டு’ என்று கை காட்டுகிறோம்! வலிமையை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு வலிமை வேண்டும். 100 வாட் பெட்டியிடம் 1000 வாட் கேட்பது என்ன நியாயம்? தெருக்கோடிக்குக் கேட்கவில்லையென்றால் அங்கே இன்னொரு சிறு ஒலிபெருக்கியை வைப்பதே வழி. (குடியிருப்புப் பகுதியில் பகல் வேளைக்கு 55 டெசிபல்தான் வரம்பு என்பது 2000ஆம் ஆண்டின் விதி. விழாக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.)

ஏச்சுக்கும் கூலிப் பிடித்தத்துக்கும் அஞ்சி, சூட்டுச் சுவிட்சின் இரு கம்பிகளையும் முறுக்கி இணைத்துவிடுகிறவர்கள் உண்டு. பிறகு பெட்டி நிற்காது. ஆனால் மேலே துணிப்பந்தல், சுற்றிலும் மூங்கில், எட்டடிச் சந்தில் குழந்தைகள்! அந்தக் கம்பியை முறுக்கிய கை மைக்செட்காரருடையது. முறுக்க வைத்தவர்கள் யார்?

‘டி வகைப் பெட்டி வாங்கச் சொல், 100க்கு 90 பங்கு ஒலிக்கே போகுமே’ என்பர் நண்பர்கள். வாங்கட்டும், நல்லதே. நாம் கொடுக்கும் வாடகையில் எத்தனை ஆண்டில் வாங்குவார் என்பதையும் அவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

நம் மன்ற விழாவுக்கு நான் கேட்பது சிறிது. பெட்டியைச் சுற்றி ஒரு முழம் இடம் விடுங்கள். பதாகையால் மூடாதீர்கள். மேடை தெரியும்படி மைக்செட்காரருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். பெட்டி சூட்டால் நின்றால் கூலியில் கை வைக்காதீர்கள். ஒரு மேசை விசிறியும் வேண்டும். செலவுக்கு என்ன செய்வதென்று பொருளாளர் கேட்பார். பொன்னாடைப் பட்டியலில் இரண்டைக் குறைத்தால் போதும்!